ஒரு லோடு மேல்மண்

மூன்றாவது முறையும் அதே இடத்தில்தான் தெரு உள்வாங்கியிருந்தது.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த பழனிவேல், பைக்கைத் தெருமுனை மரத்தடியில் நிறுத்திவிட்டு டிபன் பாக்ஸோடு நடந்து வந்தான். வண்டியை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து நான்கு மாதம் ஆகிறது. கேட்டுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டான். நேற்று ராத்திரி டூட்டிக்குக் கிளம்பும்முன் இரண்டு பாண்டுச் சட்டி மண்ணைக் கொட்டி, காலால் மிதித்துச் சமமாக்கிவிட்டுப் போன இடம் அது. இப்போது ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கிக் கிடந்தது. தெரு நீளத்துக்கும் மூடிய பள்ளம் மூடியபடியே இருக்க, அவன் வாசலில் மட்டும் இரண்டடி நீளத்துக்கு, ஒன்றரையடி அகலத்துக்கு ஒரு குழி. ஓரமெல்லாம் கையால் தடவிவிட்டதுபோல வழவழவென்று இருந்தது. மழை பெய்து பத்து நாளாகிறது. குழிக்குள் மட்டும் ஈரம்.

அந்தத் தெருவின் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் சொல்கிறவனுக்கே அலுத்துப் போகும். முதலில் குடிதண்ணீர்க் குழாய் மாற்ற வேண்டுமென்று இடப்பக்கமாக வெட்டினார்கள். மூடினார்கள். ஜல்லி கொட்டினார்கள். ஜல்லி கொட்டிய நான்காம் நாள் சாக்கடைக் குழாய்க்காரர்கள் வந்து, எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அங்கலாய்த்துக்கொண்டே அந்த ஜல்லியை வாரிக் குவித்துவிட்டு அதே இடத்தை வெட்டினார்கள். வெட்டும்போது புதுக் குழாய் உடைந்தது. அதை ஒட்டவைக்கப் பழைய ஆட்கள் வந்தார்கள். அவர்கள் ஒட்டிவிட்டுப் போன மறுநாள் கேபிள்காரர்கள் ஜேசிபியோடு வந்து நின்றார்கள். கேஸ் சிலிண்டரைத் தெருமுனையிலிருந்து உருட்டிக்கொண்டு வரவேண்டும். ஸ்கூல் வேன் உள்ளே வராது. தூசி சாம்பாரில் விழும், தலையணையில் படியும், துவைத்துக் காயப்போட்ட வேட்டி செம்மண் நிறத்தில் திரும்பி வரும்.

"நான் செத்தாக்கூட இந்தத் தெருவுலருந்து என்னை எடுத்துகினு போவ முடியாது தம்பி" என்பாள் எதிர் குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள். "அவனுங்க பள்ளத்த மூடுற வரைக்கும் உசுரக் கையில புடிச்சிகினு கெடக்கணும்."

கடைசியில் காண்ட்ராக்டரின் ஆட்கள் பள்ளத்தைத் திறந்து போட்டுவிட்டு ஒரேயடியாகக் காணாமல் போனார்கள். இருபத்தாறு நாள். சூப்பர்வைசர் அறிவுச்செல்வனுக்குப் போன் செய்தால், பள்ளம் நிரப்ப மண் வரவில்லை என்று ஒரே பாட்டு. இருபத்தாறாம் நாள் பழனிவேலின் மகள் தமிழ்நிலா, யூகேஜி படிக்கிறவள், பள்ளத்தின் குறுக்கே போட்டிருந்த பலகை வழுக்கி உள்ளே விழுந்து தாடையில் மூன்று தையல் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சுரங்கத்தில் வேலை செய்கிறவன் வாசலிலா மண்ணுக்குப் பஞ்சம்? நிலக்கரிக்கு மேலிருக்கிற மண்ணை வெட்டி மலை மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். டிப்பர் ஓட்டும் குழந்தைவேலைக் கூப்பிட்டு, "மண்ணு கொட்டுற மேட்டுக்குப் போற வழியில ஒரு லோடு நம்ம தெருவுல தட்டிட்டுப் போடா" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். மறுநாள் சாயங்காலம் தெருவே கூடி மண்வெட்டி பிடித்துப் பள்ளத்தை மூடியது. கஸ்தூரியம்மாள் அவனுக்குத் திருஷ்டி கழிக்காத குறை.

அது மூன்று வாரத்துக்கு முன்பு. அதற்குப் பிறகுதான் இந்தக் குழி.

வீட்டுக்குள் போனான். மணிமொழி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நைட்டிக்கு மேல் பின்கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. இவள் எப்போது இவ்வளவு இளைத்தாள் என்று ஒரு கணம் நினைத்தான். தூக்கம் கண்ணைச் சொருகியது. நினைத்ததோடு சரி.

"மறுபடியும் அமுங்கி இருக்குது பாத்தியா?" என்றான்.

"ம்." அவள் திரும்பவில்லை. "அந்த எடத்த இனிமே மிதிக்காதீங்க."

"மிதிக்காம எப்பிடி மண்ணு செட்டாவும்?"

அவள் அவனுடைய டிபன் பாக்ஸை வாங்கிக் கழுவப் போட்டாள்.

நைட் ஷிப்ட்காரனுக்குப் பகல்தான் ராத்திரி. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, ஃபேனை ஐந்தில் வைத்துப் படுத்தான். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். பதினோரு மணிக்கு மேல் டவுன்ஷிப் தெருக்களில் ஆள் நடமாட்டம் இருக்காது. மரங்கள் நிற்கும், வெயில் நிற்கும், எங்கோ ஒரு பிரஷர் குக்கர் விசிலடிக்கும். இரண்டு மணி ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் போகிற சத்தம் கேட்டு அவன் அரைத் தூக்கத்தில் புரண்டபோது, கரண்ட் போயிருந்தது. ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. அந்த அமைதியில், தரைக்கு அடியிலிருந்து, உள்ளங்கையால் சிமெண்டுத் தரையில் தட்டித் தட்டித் தவழ்வதுபோல ஒரு சத்தம் வந்தது. தப். தப். சற்று நின்றது. தப். வாசல் பக்கமிருந்து தொடங்கிக் கட்டிலுக்கு அடிவரை வந்து, திரும்பி வாசலுக்கே போனது. கூடவே ஒரு வாசனை. பச்சை மண் வாசனை, அதற்குள் புளித்த பாலும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு வாசனை. அவனுக்கு அது தெரியும். எங்கே என்றுதான் நினைவுக்கு வரவில்லை.

எழுந்து வெளியே வந்தான். கொதிக்கிற வெயிலில், செருப்பில்லாமல், மணிமொழி குழியோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னா பண்ற இங்க?"

"இந்த எடம் மட்டும் சுடலைங்க" என்றாள். "கைய வச்சிப் பாருங்க."

அவன் கையை வைக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. வேலை முடிந்து வந்தவனிடம், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ஏங்க, எனக்குப் பால் கட்டுது."

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்திருந்ததைப் பார்த்தபிறகு புரிந்தது. தமிழ்நிலா பால் மறந்து மூன்று வருடமாகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்ததாகவும், ஏதோ ஹார்மோன் என்று டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னாள். பிறகு, "மெயின் பஜார் போனீங்கன்னா நாலு முழம் மல்லி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அந்தப் பூ தலைக்கு அல்ல என்று அவனுக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்பும் அவன்தான் வாங்கி வந்தான். பதினான்கு மாதக் குழந்தை வளவன் மூன்று நாள் காய்ச்சலில் கண்ணை மூடியபோது, குடிக்க ஆளில்லாத பால் சுரந்து சுரந்து அவள் துடித்தாள். பால் வற்றுவதற்காக ஊர்ப் பெண்கள் மல்லிகையை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். ஒரு வாரம் அந்த வீடு முழுக்க மல்லிகை மணந்தது. பழனிவேல் இன்றுவரை கோயிலுக்குப் போனால்கூட மல்லிகைக் கடைப் பக்கம் நிற்க மாட்டான்.

வளவனை ஆலம்பாதியில் புதைத்தார்கள். அதுதான் பழனிவேலின் ஊர். ஊருக்கு அந்தாண்டை மேட்டில் இருந்த சுடுகாட்டின் கிழக்கு மூலையில், குழந்தைகளுக்கென்றே ஒதுக்கிய இடத்தில், அவனே குழி வெட்டி அவனே மண் தள்ளினான். நான்கு வருடம் கழித்து ஊரையே சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சுடுகாட்டுக்கும் நாள் குறித்தார்கள். எலும்பை எடுத்து வேறிடத்தில் வைக்க நினைக்கிறவர்கள் அந்தத் தேதிக்குள் எடுத்துக்கொள்ளலாம். ஊரார் புதுப் பானையோடு போனார்கள். கடைசித் தேதியன்று பழனிவேலுக்கு மெடிக்கல். பதினைந்து வருடம் காண்ட்ராக்ட்டில் கிடந்தவனுக்குப் பெர்மனண்ட் ஆவதற்கான உடற்பரிசோதனை. தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்றார்கள். அவன் மெடிக்கலுக்குப் போனான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எடுத்துவிட்டேன் மணி, சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றங்கரையில் ஒரு புங்கமரத்தடியில் வைத்துப் பால் ஊற்றிவிட்டு வந்தேன் என்று சொன்னான்.

நாளைக்குப் போய் எடுத்து அங்கேயே வைத்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்றுதான் சொன்னான். மறுநாள் போனபோது வேலி போட்டிருந்தார்கள்.

மூன்று வருடமாக, பிள்ளை இறந்த நாளில், அவளைப் பைக்கில் உட்காரவைத்து வெள்ளாற்றங்கரைக்குக் கூட்டிப் போகிறான். அவள் அந்தப் புங்கமரத்தடியை முந்தானையால் பெருக்கிவிட்டு, கிண்ணத்துப் பாலைத் துளித்துளியாக ஊற்றுவாள். அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தக் கேவலத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் இவளுக்குத் தெரிந்துவிட்டால் தன் முகத்தை இவள் எப்படிப் பார்ப்பாள் என்ற ஒரே பயம்தான் அவனுக்கு, சுரங்கத்தில் எத்தனை அடி இறங்கினாலும் வராத பயம்.

மல்லிகையை அவளிடம் கொடுத்துவிட்டு, வாசலுக்கு வந்து குழந்தைவேலுக்குப் போன் போட்டான்.

"அன்னிக்கி ஒரு லோடு தட்டினியே, எந்தப் பக்கத்து மண்ணுடா அது?"

"மேல்மண்ணு தாண்ணே. புதுசா வெட்டிகினு போறாங்கல்ல, அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"ஆலம்பாதி பக்கம்ணே. ஊருக்கு அந்தாண்ட மேடு ஒண்ணு இருந்திச்சே, கிழக்கால. ஏண்ணே, மண்ணு நல்லாத்தான இருந்திச்சி? கல்லு கூட இல்லியே."

"நல்லாத்தான் இருந்திச்சி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

அன்று அவன் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். இரண்டு மணி பஸ் போன பிறகு சத்தம் வந்தது. இந்தமுறை ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தது. தப். தப். தப். அவன் ஒரு பக்கமாகக் காதை வைத்துக் கேட்டான். ஒரு சத்தம் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதே சமயம் இன்னொன்று அடுப்படிப் பக்கம் கேட்டது. எதிரொலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். வேறு என்ன சொல்லிக்கொள்வது?

வியாழக்கிழமை காலை, மல்லிகைச் சரம் குழிக்குள் கிடந்தது. வாடி, நசுங்கி, பழுப்பேறி. கட்டியதை அவளே அவிழ்த்துப் போட்டிருக்கிறாள். பால் வேண்டாம் என்றுதான் கட்டுவார்கள். அவிழ்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

எதிர்க் கேட்டில் சாய்ந்துகொண்டு கஸ்தூரியம்மாள் கூப்பிட்டாள். "தம்பி, சொல்றேன்னு தப்பா நெனைக்காத. உம் பொண்டாட்டி மத்தியானம் மத்தியானம் ரோட்டுலயே உக்காந்துகினு கெடக்குது. வெயிலாச்சேம்மா உள்ள போன்னா, தூங்கட்டும் போறேன்னுது. யாருப்பா தூங்கறது? அது மூஞ்சப் பாத்தியா நீ? ரத்தமே இல்ல."

பார்த்தான். அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தான். கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து, கண்ணைச் சுற்றிக் கருவளையம் கட்டியிருந்தது. ஆனால் அந்த முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் மட்டும் பார்க்கிற நிறைவு.

"மணி, நீ கொஞ்ச நாளு உங்கம்மா வூட்டுக்குப் போயிட்டு வாயேன். பாப்பாவையும் கூட்டிகினு."

"இப்ப எப்பிடிங்க போறது?" என்று சிரித்தாள். அவன் கேட்டது ஏதோ அசட்டுக் கேள்வி மாதிரி.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. நான் போகவில்லை மணி, அந்த மரத்தடியில் ஒன்றுமே இல்லை, நான் எடுக்கவே இல்லை. உடம்பில் ஒவ்வொரு எலும்பும் தூக்கத்துக்கு ஏங்கியது. அந்த நேரம் பார்த்து அறிவுச்செல்வன் பைக்கில் வந்து இறங்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"சார், நாளைக்கித் தார் போட்டுர்றோம். ரோலர் வந்துகினு இருக்குது. இனிமே உங்க தெருவுக்கு ஒரு கொறையும் இல்ல."

நான்கு மாதமாக அவன் காலரைப் பிடித்து உலுக்க வேண்டுமென்று காத்திருந்த பழனிவேல், இப்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கிக் கட்டாயம் போட்டுருவீங்களா? எங்க வாசல்ல நல்லா கெட்டியா போடுங்க. ரெண்டு தடவ ரோலர் உடுங்க." தார் இறுகிவிட்டால் முடிந்தது. சத்தம் வராது. குழி விழாது. அவள் அங்கே உட்கார முடியாது. யாரும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே வராது. பெற்ற பிள்ளைமேல் இரண்டாவது தடவை மண் தள்ளுகிறோம் என்று உள்ளே ஒன்று சொன்னது. சொல்லட்டும் என்று விட்டான். அவ்வளவு களைப்பு.

வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது ஜல்லி பரப்ப ஆரம்பித்திருந்தார்கள். தெருமுனையிலிருந்து ரோலர் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மகளை வேனில் ஏற்றிவிட்டு வந்தான். மணிமொழி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கி வெளிய போவாத, தார் சூடு" என்றான். தலையாட்டினாள். படுத்தவன் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினான். தூக்கத்துக்குள்ளும் ரோலரின் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. தார் கொதிக்கிற வாசனை ஜன்னல் போர்வையைத் தாண்டி வந்தது. அந்தச் சத்தமும் வாசனையும் கிட்டே வர வர அவன் தூக்கம் ஆழமானது.

விழிப்பு வந்தது சத்தத்தால் அல்ல. சத்தம் நின்றதால்.

ரோலர் ஓடவில்லை. காக்கை கத்தவில்லை. கடிகாரத்தில் இரண்டு பத்து. மடித்த துணிக்குப் பக்கத்தில் அவள் இல்லை.

"மணி."

அடுப்படியில் இல்லை. பின்கட்டில் இல்லை. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது.

தெரு முழுக்கக் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு வந்த தார், அவன் கேட்டுக்கு இரண்டு கஜம் முன்னால் நின்றுபோயிருந்தது. அதற்குப் பின்னால் டிரைவர் இல்லாத ரோலர். தார் போடுகிற ஆட்கள் எல்லாரும் தெருமுனை மரத்தடியில் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அறிவுச்செல்வன் வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நின்றான். ஒருவனும் கிட்டே வரவில்லை. கஸ்தூரியம்மாள் தன் கேட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

மணிமொழி குழிக்குள் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. குழி இப்போது இரண்டடி இல்லை. கேட்டு அகலத்துக்கு இருந்தது. முந்தானையை முன்பக்கம் இழுத்து மடியை மூடியிருந்தாள். மெதுவாக முன்னும் பின்னும் ஆடினாள். விளக்கெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளையின் உச்சந்தலை வாசனை. அதுதான். அதுதான் அந்த வாசனை.

சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது.

அவன் கேட்டருகே மண்டியிட்டான். இனி வைத்திருக்க முடியவில்லை. வாயைத் திறந்ததும் அதுவாகவே கொட்டியது.

"மணி, நான் போவல. அன்னிக்கி எனக்கு மெடிக்கல். நான் எடுக்கவே இல்ல மணி. புங்கமரத்தடியில ஒண்ணும் இல்ல. உன்ன ஏமாத்திட்டேன். அவன அங்கயே உட்டுட்டேன்."

அவள் ஆடுவதை நிறுத்தவில்லை.

"தெரியுங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. காற்று மட்டும் வந்தது. "வந்துட்டாங்கல்ல. பரவால்ல."

வந்துட்டாங்க. வந்துட்டான் என்று சொல்லவில்லை.

முந்தானைக்கு அடியில் ஏதோ அசைந்தது. இடப்பக்கம். வலப்பக்கம். மடிக்குக் கீழே. அவள் முதுகுக்கு இந்தப் பக்கம், ரவிக்கையைப் பற்றிக்கொண்டு ஒரு சின்ன விரல். மண் நிறம். நகம் இல்லை. அதன்மேல் இன்னொரு கை. இன்னொன்று.

"கிழக்கு மூலையில இருந்த எல்லாருந்தாங்க வந்துருக்காங்க. பால் யாருக்கும் பத்தல." அவள் மெல்லத் திரும்பினாள். கன்னத்தில் சதை என்று ஒன்று இல்லை. கண்கள் மட்டும் பெரிதாக, அன்பாக, ரொம்பவும் அசதியாக. "நானும் மூணு வாரமாப் பாக்குறேன். எது நம்ம புள்ளைன்னு எனக்குத் தெரியலங்க. கையால பொதச்சது நீங்கதான். நீங்க பாத்துச் சொல்லுங்க."

முந்தானையை விலக்கினாள்.

சப்புக்கொட்டுகிற சத்தம் நின்றது. ஒவ்வொரு தலையாக அவன் குரல் வந்த பக்கம் திரும்பியது. ஏழெட்டு இருக்கும். ஈர மண். தலையில் வேர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பாலில் நனைந்த ஒரு வாய் மட்டும். எல்லாம் ஒரே அளவு. எல்லாம் ஒரே மாதிரி.

அவன் பார்த்தான். தெரியவில்லை. மறுபடி பார்த்தான்.

ஷிப்ட் முடிந்து வருகிற அப்பாவிடம் பிள்ளைகள் நீட்டுவதுபோல, அத்தனை கைகளும் தூக்கச் சொல்லி அவனைப் பார்த்து நீண்டன.